மெல்லிய தாழ் அதிர்வெண் ஒலியுறிஞ்சி

மெல்லிய தாழ் அதிர்வெண் ஒலியுறிஞ்சி என்பது, ஒலியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு குறைந்த தடிமனில், தாழ்ந்த முழக்க ஒலிகளை உறிஞ்சுமாறு வடிவமைக்கப்படும் அமைப்பு ஆகும்.

தேவை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே, முருகன் கோயிலுக்குப் பெயர்பெற்ற வல்லக்கோட்டை அமைந்துள்ளது. இப்பகுதி வாகன, உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் நிறைந்தது. தொழிற்சாலைகளில் மின்தடையின்போது இயக்கப்படும் டீசல் ஜெனரேட்டர் தாழ் அதிர்வெண் ஒலிக்குத் தக்க எடுத்துக்காட்டு. நிமிடத்திற்கு 1500 முறை சுழலும் ஆறு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் வினாடிக்கு 75 முறை எரிபொருள் எரிகிறது. இதனால் எழும் 75 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெப்பமான காற்றில் சுமார் 4.7 மீட்டர். பஞ்சு, கண்ணாடி இழை போன்ற நுண்துளைப் பொருட்கள் இதனை நன்கு உறிஞ்ச, அலைநீளத்தின் கால்பங்கு, அதாவது ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமன் தேவைப்படும்.

இந்தியாவில் 1000 கே.வி.ஏ. வரையிலான ஜெனரேட்டர்களுக்கு, உறையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபெல் (ஏ) என்னும் வரம்பு 2002-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. செவியின் உணர்திறனைப் பின்பற்றும் இந்த 'ஏ' அளவீடு, 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபெல்லைக் கழித்துக் கணக்கிடுகிறது. ஆகவே வரம்பிற்கு உட்பட்ட இயந்திரத்திலிருந்தும் முழக்கம் சுவர்களைக் கடந்து செல்லக்கூடும்.

செயற்பாடு

இவ்வமைப்புகள் ஒத்ததிர்வை அடிப்படையாகக் கொண்டவை. துளையிலுள்ள காற்று பொருண்மையாகவும், பின்னுள்ள அறையின் காற்று சுருள்வில்லாகவும் இயங்குகின்றன. இது 19-ஆம் நூற்றாண்டு செருமானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் வழங்கப்படுகிறது. அதிரும் காற்று துளைச் சுவரில் உராயும்போது ஒலியாற்றல் வெப்பமாகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைகள் கொண்ட நுண்துளைப் பலகையின் கோட்பாட்டைச் சீன ஒலியியலாளர் மா தாயூ 1975-இல் வெளியிட்டார்.

எடுத்துக்காட்டாக, 2 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் 13 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. விட்டத் துளைகளிட்டு, பின்னால் 10 செ.மீ. ஆழமுள்ள தடுப்பறைகள் அமைத்தால் ஒத்ததிர்வு ஏறத்தாழ 75 ஹெர்ட்ஸில் அமையும். இவ்வாழம் அலைநீளத்தில் ஏறத்தாழ 47-இல் ஒரு பங்கே ஆகும்.

உரத்த ஒலியில் மாற்றம்

மேற்கூறிய தகட்டில் துளைகளின் பரப்பு ஏறத்தாழ 0.12 விழுக்காடு மட்டுமே. ஆகவே துளையில் காற்றின் வேகம் தகட்டின் முன்னுள்ள வேகத்தைப்போல் ஏறத்தாழ 860 மடங்காகிறது. ஒலி உரக்கும்போது துளை விளிம்புகளில் சுழல்கள் தோன்றித் தடை உயர்கிறது. தடை அளவு கடந்தால் ஒலி உட்புகாமல் எதிரொலிக்கும். எனவே மெல்லொலியில் பெற்ற சோதனை முடிவு உரத்த ஒலிக்குப் பொருந்தாது. இயந்திரம் எழுப்பும் ஒலி மட்டத்திலேயே சோதித்தல் வேண்டும். துளைப்பரப்பைப் பெருக்கி, அதற்கு ஈடாகத் துளையை அறையினுள் நீளும் குழாயாக்குவது ஒரு தீர்வு. துளையற்ற அதிர்தகடு மற்றொன்று.

வரம்பு

தடிமன் குறையக் குறைய, உறிஞ்சும் அதிர்வெண் பட்டையும் குறுகும். ஒவ்வோர் உறிஞ்சல் அளவிற்கும் ஒரு குறைந்தபட்சத் தடிமன் உண்டு என்பதை ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். சுழற்சி மாறாத ஜெனரேட்டருக்கு ஒரே பட்டை போதுமாகலாம். வேகம் மாறும் இயந்திரங்களுக்கு, வெவ்வேறு அதிர்வெண்களுக்கான அறைகளை அருகருகே அமைக்க வேண்டும்.