மனைநூலும் கழிவுநீர்த் தொட்டியும்: திசைவிதி பற்றிய ஓர் ஆய்வு

புதுமனை கோலுவார் இந்நாளில் தவறாது வினவும் வினாக்களுள் ஒன்று, கழிவுநீர்த் தொட்டியை எத்திசையில் அமைத்தல் வேண்டும் என்பதாம். மனையடி சாத்திரம், வாஸ்து என்னும் பெயர்களால் வழங்கும் கையேடுகள் பெரும்பாலும் வாயு மூலையாகிய வடமேற்கையே அதற்கு உரிய இடமாகக் கூறும். வடகிழக்கும் தென்மேற்கும் அறவே ஆகா என விலக்கும். இவ்விதி முன்னோர் நூல்வழிப் பட்டது என்பது அவற்றின் துணிபு. அத்துணிபு பொருந்துமா என்பதை மூலநூல்களைக் கொண்டு ஆராய்தலும், விதியைக் கழிவுநீர் அறிவியலோடு ஒப்பு நோக்குதலும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. தொட்டியின் வரலாறு

'செப்டிக் டேங்க்' எனப்படும் தொட்டியின் காலத்தை முதற்கண் வரையறுத்துக்கொள்ளுதல் நலம். பிரான்சு நாட்டு வெசூல் நகரில் ழான் லூயி மூரா என்பார் 1860ஆம் ஆண்டையொட்டி இதன் முன்வடிவை அமைத்து, 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் எக்சிடர் நகரில் டொனால்டு கேமரன் 1895இல் இதனைத் திருத்தமுற அமைத்து இப்பெயரையும் இட்டார். 'அழுகச் செய்வது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. காற்றுப் புகாத தொட்டியில் கனத்த பொருள் அடியிற் படியும். நெய்ப்பசையுடையது மேலே மிதக்கும். இடைப்பட்ட நீர் வெளியேறும். அடிப்படிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும். எனவே, இத்தொட்டிக்குரிய விதி எதுவும் அதற்கு முற்பட்ட நூல்களில் நேரே இருத்தல் இயலாது. அந்நூல்கள் மலசலம் கழிக்கும் இடம் பற்றியும், நீர்நிலை பற்றியும் கூறியவற்றையே நாம் நோக்குதல் வேண்டும்.

2. மூலநூல்கள் கூறுவன

ஆபத்தம்ப தருமசூத்திரம் மனைக்குத் தொலைவில், தெற்கோ தென்மேற்கோ நோக்கிச் சென்று மலசலம் கழிக்குமாறு விதிக்கின்றது. விட்டுணு புராணத்தின் மூன்றாம் அம்சம், நிருதி திசையாகிய தென்மேற்கில் அம்பு வீழும் தொலைவுக்கு அப்பால் என்கின்றது. மனுதருமம் திசை கூறாமல் தொலைவை மட்டும் வற்புறுத்துகின்றது. பிற்கால மனைநூல்களுள் ஒன்றாகிய விசுவகர்மப் பிரகாசம் மலங்கழிக்கும் மனையைத் தெற்குக்கும் தென்மேற்குக்கும் இடையே வைக்கின்றது. ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், திசை கூறும் இந்நூல்கள் காட்டுவன தெற்கும் தென்மேற்குமே. இன்றைய கையேடுகளோ அத்தென்மேற்கையே விலக்குகின்றன.

வடமேற்கைப் பற்றி முன்னோர் கூறியது யாது? கி.பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையின் வாஸ்து இயலில் மனையின் நான்கு மூலைகளையும் பகுத்துரைக்கின்றார். வடகிழக்கில் தெய்வ இல்லம், தென்கிழக்கில் அடுக்களை, தென்மேற்கில் தட்டுமுட்டுப் பொருள்கள், வடமேற்கில் பொருளும் தானியமும் என்பது அவர் வகுப்பு. அதனை அடுத்து, எத்திசையில் நீர் இருப்பின் என்ன பயன் விளையும் என்றும் கூறுகின்றார். வடக்கும் வடகிழக்குமே அவர் கருத்தில் நற்பயன் தருவன; வடமேற்கில் நீர் இருப்பின் வறுமை விளையும் என்பது அவர் கூற்று. இன்று மலத்தொட்டி அமைக்கச் சொல்லும் மூலையே அவர் காலத்தில் நெற்குதிரும் பொருளறையும் இருந்த மூலை என்பது இதனாற் பெறப்படும். ஆகவே வடமேற்கு விதியை இந்நூல்களின் மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

3. தமிழ் வழக்கு

தமிழ் வழக்கும் இதற்குத் துணை செய்கின்றது. 'கொல்லைக்குப் போதல்', 'வெளிக்குப் போதல்' என்னும் இடக்கரடக்கல் வழக்குகள் நாகரிகம் கருதி எழுந்தனவே எனினும், இடத்தையும் உடன் உணர்த்தி நிற்கின்றன. மலங்கழிக்கும் இடம் மனையகத்தது அன்று; புறத்தது. மனையினுள் இருந்தவை குளித்த நீரும் கழுவிய நீரும் செல்லும் அங்கணமும் தூம்புமே. மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதை வஞ்சி நகரின் அகழியை வருணிக்குங்கால், மகளிர் கூந்தல் கழுவிய மணநீர் சுருங்கைத் தூம்பின் வழியே சென்று அகழியிற் கலந்ததைக் கூறும். சுருங்கை என்பது நிலத்தடியே கரந்து செல்லும் வழி. மலமும் நீரும் வெவ்வேறு வழியின என்னும் இவ்வேறுபாட்டை, நீரூற்றி மலத்தை அடித்துச் செல்லும் இக்காலக் கழிப்பறையே நீக்கியது. அதனோடு, ஊர்ப்புறத்தே இருந்தது மனையெல்லைக்குள் புகுந்தது.

4. தொலைவும் சரிவும்

புறத்தது அகத்ததாகிய நிலையில் திசைவிதி எங்ஙனம் பயன்படும்? தொட்டியினின்று வெளிவரும் நீர் தெளிந்து தோன்றினும் தூய்மையுடையது அன்று. நோய்க்கிருமிகளும் அம்மோனியாவும் அதில் உள. அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரோடு செல்லும். கிருமிகளைத் தடுத்து அழிப்பது, நீர் ஊடுருவிச் செல்லும் மண்ணே. அதற்கு இடமும் காலமும் வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் 2470ஆம் எண் விதித்தொகுப்பு (1985), தொட்டி நீரை மண்ணில் இறக்கும் குழி குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டருக்குள்ளும், குடியிருப்புக்கு 6 மீட்டருக்குள்ளும் இருத்தலாகாது என்கின்றது. அடித்தளம் பூசப்படாத தொட்டியும் அத்தகைய குழியே என்க.

இனி 30 அடி அகலமும் 40 அடி நீளமும் உடைய அரை கிரவுண்டு மனை ஒன்றைக் கொள்வோம். அதன் மூலைவிட்டம் 50 அடி, அஃதாவது ஏறத்தாழ 15 மீட்டர். வடகிழக்கில் கிணறு தோண்டின், அம்மனையின் வேறு எம்மூலையில் குழி அமைப்பினும் 18 மீட்டர் கிட்டாது. எத்திசையைத் தேர்ந்தாலும் பயன் ஒன்றே. மேலும், கிழக்கும் வடக்கும் தாழ்ந்த நிலம் சிறந்தது என்பது மனைநூலாரிடையே பெருவழக்கு. அவ்வாறாயின் தென்மேற்கு மேட்டில் இறங்கும் கழிவு வடகிழக்குக் கிணற்றை நோக்கியே செல்லும். நிலத்தடி நீர் பெரும்பாலும் நிலச்சரிவைப் பின்பற்றுவது ஆதலின். அம்பு வீழும் தொலைவில் குற்றமற்றதாயிருந்த பழைய விதியே, ஐம்பது அடிக்குள் குற்றமுடையதாயிற்று. தொலைவை நீக்கித் திசையை மட்டும் கொண்டதன் விளைவு இது.

5. அயல்மனை

வடமேற்கு விதிக்கும் ஒரு பெருங்குறை உண்டு. கிழக்கு மேற்காகச் செல்லும் தெருவில் மனைகள் வரிசையாக உள்ளன என்க. ஒவ்வொருவரும் வடகிழக்கில் கிணறும் வடமேற்கில் தொட்டியும் அமைப்பின், நம் கிணறும் கீழைமனையார் தொட்டியும் ஒரே மதிற்சுவரின் இருபுறமும் அமையும். ஒவ்வொரு மனையும் தனித்தனியே விதி பிழையாதது. தெரு முழுவதும் நீர் கெட்டது. கையேடு ஒரு மனையை மட்டும் நோக்கி எழுதப்பட்டமையே இதற்குக் காரணம்.

இவ்விடத்தே, ஆர். சாமசாஸ்திரியார் 1909இல் பதிப்பித்த கௌடலீய அருத்தசாத்திரம் நம் கருத்தைக் கவர்கின்றது. அதன் மூன்றாம் அதிகரணம் மனையமைப்பைத் திசையால் அன்றி அயலார் உரிமையால் வகுக்கின்றது. நீர் வழியும் வடிகாலும் அயலார் சுவரினின்று மூன்று பதமோ ஒன்றரை முழமோ விலகியிருத்தல் வேண்டும். மீறுவோர்க்கு 54 பணம் தண்டம். குப்பைக்குழி, வடிகால், கிணறு ஆகியவை மனைக்குத் தகாத இடத்தில் அமைத்தலாகாது. மகப்பேற்றின்போது தோண்டும் குழிக்குப் பத்து நாள் வரை மட்டும் விலக்கு உண்டு. அவ்வளவு இக்கால அறிவியலுக்குப் போதாது எனினும், நோக்கம் ஒன்றே. கழிவால் தீங்குறுவோன் அயலான் என்பதை அந்நூல் கண்டுள்ளது.

தீங்குறுவோர் பிறிதொருவரும் உளர். தொட்டியின் படிவை உரிய காலத்தே அகற்றியாதல் வேண்டும். அதனுள் மீத்தேனும் ஐதரசன் சல்பைடும் தேங்கி நிற்கும். மூலை கருதிக் கட்டடத்தின் பின்னே மறைவாக அமைத்த தொட்டிக்கு உறிஞ்சு வண்டியின் குழாய் எட்டாதாயின், மனிதனை இறக்கும் கொடுமை நேர்கின்றது. காப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இன்றி அங்ஙனம் இறக்குதலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இத்தகைய இறப்புக்கு உரிய இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023இல் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆகவே வண்டி அணுகும் வழியும் இடத்தேர்வின் பாற்பட்டதே.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், வடமேற்கு விதி மேற்காட்டிய மூலநூல்களின் ஆதரவு அற்றது என்பதும், அந்நூல்கள் கூறிய தென்மேற்கும் தொலைவோடு சேர்த்தே பொருள்படுவது என்பதும் பெறப்பட்டன. பழைய நூல்களை நன்கு மதிப்போர் அவற்றில் உள்ள தொலைவையும் அயலார் உரிமையையும் போற்றுதலே முறை. அவற்றில் இல்லாத மூலையை அவற்றின் பெயரால் நிறுவுதல் முறையன்று. மனை கோலுவார் முதலில் தம் கிணற்றையும் அயலார் கிணற்றையும் அளந்து, நிலச்சரிவை அறிந்து, வண்டி வரும் வழியை வகுத்தல் வேண்டும். தொலைவு கிட்டாவிடத்து ஊர்ப் பொதுச் சாக்கடையையோ, நீர் கசியாத தொட்டியையோ நாடுதல் வேண்டும். வடமேற்கு விதி எக்காலத்தில், எவ்வழியாக மனையடி நூல்களில் புகுந்தது என்பது ஏட்டுச்சுவடிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டுக் காண வேண்டிய ஆராய்ச்சி. இளம் ஆராய்ச்சியாளர் அதனை மேற்கொள்வாராயின், மொழிக்கும் குடிநீருக்கும் ஒருங்கே பணி செய்தவராவர்.