சுண்டாலாந்தும் வெள்ளக் கதைகளும்

சுண்டாலாந்து தென்கிழக்காசியாவில் ஒரு பகுதி கடலுள் மூழ்கிய நிலப்பரப்பு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே தரை. சிங்கப்பூர் அப்போது தீவே அல்ல.

பனி உருகக் கடல் ஏறியது. சிங்கப்பூரின் மரினா சவுத்தில் துளையிட்டு எடுத்த மண்ணில் சதுப்புநிலத் தாவரங்களின் மகரந்தமும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளும் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், 9,500 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை கடல் சுமார் 20 மீட்டர் உயர்ந்ததாக 2021இல் தெரிவித்தனர். காலாங், ரோச்சோர் தாழ்நிலங்களில் அடித்தளம் போடுவோரைத் திணறவைக்கும் கடற்களிமண்ணின் மேலடுக்கு அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான்.

இந்த மூழ்கலே உலக வெள்ளக் கதைகளின் ஊற்று என்று ஸ்டீபன் ஓப்பன்ஹைமர் 1998இல் நூல் எழுதினார். கவர்ச்சியான கருத்துதான், ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஏற்றம் ஒரே இரவில் ஊரை விழுங்காது. பழைய தமிழ்ச் சங்கங்களை அழித்ததாகக் கூறப்படும் கடல்கோளையும் சிலர் இதனோடு இணைப்பர். அதைச் சொல்லும் இறையனார் களவியல் உரை, இந்தக் கடலேற்றத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு பிந்தியது.