ஸ்ரீ ரம்பாய் பினாங்குக்கு வந்த வழி

ஜார்ஜ்டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பீரங்கிகளில் ஸ்ரீ ரம்பாய்தான் பெரியது. 1603இல் நெதர்லாந்தில் வார்த்த வெண்கலம். ஏறத்தாழ மூன்றே கால் மீட்டர் நீளம்.

அப்போது டச்சுக்காரர்களின் முதல் பகைவன் ஸ்பெயின் மன்னன் மூன்றாம் பிலிப். போர்ச்சுக்கல் முடியையும் அவனே சூடியிருந்ததால் மலாக்காக் கோட்டையும் அவன் வசம் இருந்தது. 1511இல் அதே மலாக்காவைப் பறிகொடுத்த அரச வம்சம் ஜொகூரில் ஆண்டுகொண்டிருந்தது. பொதுப் பகை இரு தரப்பையும் நெருங்க வைத்தது. வணிகச் சலுகைகளுக்கு ஈடாக, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இந்தப் பீரங்கியை ஜொகூர் சுல்தானுக்குக் கொடுத்தார்கள்.

 ஸ்ரீ ரம்பாய் ஜொகூரில் நெடுநாள் நிற்கவில்லை.

1613இல் ஆச்சே சுல்தான் இஸ்கந்தர் மூடா ஜொகூரை அழித்தான். சுல்தான் சிறைப்பட்டான், பீரங்கி கப்பலேறியது. பிடித்தவர்கள் அந்த வெற்றியை அரபு வடிவிலான ஜாவி எழுத்தில் பீரங்கியின் மேலேயே பொறித்தார்கள். டச்சுக் கைவேலைக்கு நடுவே ஒரு மலாய் அரசன் தோற்றதற்கான சாட்சி! இந்தப் பீரங்கியில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அந்த எழுத்துதான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆச்சே அதைச் சிலாங்கூருக்கு அனுப்பியது. அங்கே குன்றின் மேல் கோட்டையருகே நின்றது. 1871இல் கடற்கொள்ளையர் பினாங்குக் கப்பலொன்றைப் பிடித்து, அதிலிருந்தவர்களைக் கொன்று, சிலாங்கூருக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர் பதிலுக்கு ஊரையே எரித்தார்கள், கோட்டைகளைத் தகர்த்தார்கள், ஸ்ரீ ரம்பாயைப் பறித்துக்கொண்டார்கள். கொள்ளையருக்குத் தண்டனை கொடுத்தது சரி. ஊரை எரித்ததை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

பினாங்கில் பீரங்கி கரையேற மறுத்துக் கடலடியில் கிடந்ததாம். சிலாங்கூர் அரசப் பிரதிநிதியாக இருந்த துங்கு கூடின் ஒரு நூலைக் கட்டி அழைத்ததும் மிதந்து வந்ததாம். ஊரார் சொல்லும் கதை இது. முதலில் எஸ்பிளனேடு திடலில் இருந்தது. 1950களில் கோட்டைக்குள் போனது. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூச்செருகிக் கும்பிட்ட வழக்கமும் உண்டு. பல அரசுகள் சண்டையிலும் பேரத்திலும் கைமாற்றிய ஆயுதத்திடம் அவர்கள் கேட்டது ஒரு குழந்தை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் பூவின் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த முறை போனால், குனிந்து அந்த ஜாவி எழுத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.