நாகலாபுரம் பாளையமும் லண்டன் பிரபுக்களும்

விளாத்திகுளம் பக்கத்துல இருக்கிற நாகலாபுரம், ஒரு காலத்துல தனிப் பாளையம். வரி வாங்கலாம், ஊர்க்காவல் பார்க்கலாம், மேல இருக்கிற அரசுக்குப் படை அனுப்பணும். மதுரை நாயக்கர்கள் கொண்டுவந்த ஏற்பாடு. இங்கிலாந்துல ‘பேரன்’னு ஒரு பிரபுப் பட்டம் ஆரம்பிச்சதும் இப்படித்தான்: ராஜா நிலம் கொடுப்பார், பதிலுக்கு நீ படை கொடு. (நம்ம ஊர் பேரன் இல்ல. ஆனா தாத்தா சொத்து வர்றதால பேர் பொருத்தம்தான்.)

அங்க ஐந்து படி. மேல டியூக், அப்புறம் மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், கடைசியா பேரன். ராஜா முத்திரை வெச்ச ஒரு ஆவணம்தான் பட்டம். அடுத்து யாருக்குப் போகணும்னு அதுலயே எழுதியிருக்கும். பெரும்பாலும் மூத்த மகனுக்கு. தம்பிகள் சட்டப்படி சாதாரண ஆட்கள். பட்டத்தை விற்க முடியாது. ராஜாவே மனசு மாறினாலும் திரும்ப வாங்கிட முடியாது, நாடாளுமன்றச் சட்டம் வேணும்.

பிரபு பெரிய குற்றம் செஞ்சா? சக பிரபுக்கள்தான் விசாரிக்கணும். லார்ட் லோவட்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1745 கிளர்ச்சியில ராஜாவுக்கு எதிர்ப் பக்கம் நின்னார். பிரபுக்கள் சபையே விசாரிச்சது. 1747ல தலையை வெட்டினாங்க. பிரிட்டன்ல அப்படிச் செத்த கடைசி ஆள் அவர்தான். பட்டமும் பறிபோச்சு. ஆனா 1857ல அதே வம்சத்துல வந்த ஒருத்தருக்கு அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

இப்ப நம்ம பக்கம் வாங்க. 1799. நாகலாபுரம், பாஞ்சாலங்குறிச்சியோட சேர்ந்து கம்பெனியை எதிர்த்து நின்னுச்சு. கட்டபொம்மனோட அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளையை செப்டம்பர்ல நாகலாபுரத்துலயே தூக்குல போட்டாங்க. அக்டோபர்ல கயத்தாறுல கட்டபொம்மன் விசாரணை. மத்த பாளையக்காரர்களை எல்லாம் மேஜர் பானர்மேன் வரவழைச்சு உட்கார வெச்சிருந்தார். தீர்ப்பு சொல்ல இல்ல, பார்க்க. அன்னைக்கே தூக்கு. இதுதான் எனக்கு உறுத்துற இடம். லோவட்டுக்கு சக பிரபுக்கள் நீதிபதிகள். கட்டபொம்மனுக்கு சக பாளையக்காரர்கள் வெறும் பார்வையாளர்கள்.

பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர்னு ஆறு பாளையங்கள் பறிமுதல். கம்பெனி பக்கம் நின்ன எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்துல ஒரு பங்கு கிடைச்சது.

மிஞ்சின பாளையக்காரர்களைக் கம்பெனி ஜமீன்தார் ஆக்குச்சு. கையில ஒரு சனது: வருஷா வருஷம் இவ்வளவு பேஷ்குஷ் கட்டு, நிலம் உனக்கு. மேலோட்டமா பார்த்தா லண்டன் பிரபுவோட முத்திரை ஆவணம் மாதிரியே இருக்கும். சொத்து பிரியாம மூத்தவருக்கே போற வழக்கமும் பல ஜமீன்கள்ல உண்டு. 1904ல அதுக்குன்னே மெட்ராஸ்ல சட்டம் போட்டாங்க. ஆனா படையும் கிடையாது, காவல் அதிகாரமும் கிடையாது. பேஷ்குஷ் பாக்கி விழுந்தா ஜமீன் ஏலத்துக்குப் போகும். பிரபுப் பட்டத்தை எந்தக் கடன்காரனும் ஏலம் விட முடியாது. மேல ஒட்டின பேர்ப்பலகை ஒண்ணு, உள்ள ஓடுற கோட் வேற.

எட்டயபுரம் மாதிரி ஜமீன்களை 1948ல மெட்ராஸ் சட்டம் ஒழிச்சது, இழப்பீடு கொடுத்து. அதே 1948லதான் பிரிட்டன்லயும் பிரபுவைப் பிரபுக்களே விசாரிக்கிற உரிமையை எடுத்தாங்க. பரம்பரைப் பிரபுக்கள்ல 92 பேரைத் தவிர மத்தவங்களைச் சபையிலிருந்து வெளியேத்த 1999 வரைக்கும் ஆச்சு. அப்பவும் போனது நாற்காலி மட்டும்தான், பட்டம் அவங்ககிட்டயே இருக்கு.