வானொலியும் பாட்டுத் தேர்வும்



வானொலிப் பெட்டியைத் திருகிய அளவில் பாட்டொன்று எழுகின்றது. அப்பாட்டை அவ்வேளைக்கு வைத்தவர் யாவர், எக்கருத்தால் வைத்தனர் என்று நாம் வினவுவதில்லை. ஆயினும் இவ்வினாவின் பொருட்டே நம் நாட்டில் ஒருகாலத்துப் பெரும் பூசல் விளைந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம். நம் இல்லத்திற்கும் சங்கத்திற்கும் அதனால் ஒரு பயன் உண்டு.

சென்னையில் 1924-ஆம் ஆண்டு, ஆர்வமுடையார் சிலர் கூடிய கழகமொன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அஃது ஒழியவே, சென்னை நகரசபையார் 1930-இல் அப்பணியை மேற்கொண்டனர். 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. வித்துவான்களை வருவித்துப் பாடச் செய்தலும், இசைத்தட்டுக்களைச் சுழல விடுதலும் என இருவகையால் நிகழ்ச்சிகள் அமைந்தன. இன்னது ஒலிக்க, இன்னது ஒழிக என விதிக்கும் அதிகாரம் வானொலியார் கையில் இருந்தது. கமகங்களுக்கு இசையாதென்று 1940-இல் விலக்கப்பட்ட ஆர்மோனியம், ஏறக்குறைய 30 ஆண்டு வானொலியிற் புகாதிருந்தமை அவ்வதிகாரத்தின் வன்மைக்குச் சான்றாம்.

1952-இல் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையார். சினிமாப் பாட்டு மக்கள் சுவையைக் கெடுக்கின்றதென்பது அவர் துணிபு. ஆகவே அதன் அளவு குறைக்கப்பட்டது. பாட்டை ஒலிபரப்புங்கால் படத்தின் பெயரைக் கூறுதலும் நிறுத்தப்பட்டது. வெகுண்ட படமுதலாளிகள் தாம் அளித்த உரிமத்தை மீட்டுக்கொள்ளவே, சினிமாப் பாட்டு வானொலியினின்றும் பெரும்பாலும் மறைந்தது.

கேஸ்கர் செய்தன யாவும் பிழையென்று நாம் கூறோம். சமஸ்தானங்கள் மறைந்து, வித்துவான்கள் புரவலரை இழந்து நின்ற காலம் அது. அவர்களுக்கு வானொலி புதிய புரவலராயிற்று. 1952 ஜூலையில் தொடங்கிய தேசீய சங்கீத நிகழ்ச்சியால், பெருநகர்ச் சபைகளில் நுழைய இயலாத எளியாரும் மேதைகளின் இசையைத் தம் ஊரிலிருந்தே கேட்டனர். இது சிறுபயன் அன்று.

எனினும் கேட்போர் என் செய்தனர்? பெட்டியின் திருகைச் சிறிதே திருப்பினர்! உலகப் போரில் படையினர்க்கென அமைத்த வன்மைமிக்க கருவி இலங்கை வானொலிக்கு எய்தியிருந்தது. கொழும்பிலிருந்து 1952-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சியை அமீன் சயானி நடத்தினார். இசைத்தட்டு விற்பனையையும் நேயர் கருத்தையும் கொண்டு பாட்டுக்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டாரோ மயில்வாகனனாரின் இனிய குரலுக்குச் செவிசாய்த்தனர். விளம்பர வருவாயும் இலங்கையைச் சார்ந்தது.

இதனை உணர்ந்த இந்திய வானொலியார் 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கினர். சினிமாப் பாட்டும் மெல்லிசையும் நாடகமும் அதில் விரவி வந்தன. நேயர்கள் கடிதம் எழுதித் தம் விருப்பப் பாட்டைக் கேட்டுப் பெற்றனர். கேஸ்கர் அமைச்சராயிருந்த காலத்திலேயே இம்மாற்றம் நிகழ்ந்ததென்பது கருதற்பாலது.

வகுப்பறையிலே பல்லாண்டாக நாம் கண்டதும் இதுவே. கதை கேட்க விழையும் பிள்ளைக்கு இலக்கணமே ஊட்டின், அவன் மனம் சன்னல் வழியே ஓடிவிடும். கதையினூடே இலக்கணத்தை வைப்பின் இரண்டையும் கொள்வான். இற்றைநாட் கைப்பேசியோ இதற்கு மறுதலை: நேற்றுக் கேட்டதைப் போன்றதையே இன்றும் தெரிந்து தருகின்றது. விரும்பாததையே ஊட்டுதல் ஒரு குற்றமாயின், விரும்பியதையன்றிப் பிறிதொன்றும் காட்டாமை மற்றொரு குற்றமாம்.

நம் சங்க ஆண்டுவிழா நெருங்குந்தோறும், நாதசுரமும் கச்சேரியுமே வேண்டுமென்பர் முதியோர். சினிமாப் பாட்டே வேண்டுமென்பர் இளைஞர். ஒருசாராரை விலக்கின் அவர் திருகைத் திருப்பி வேறிடம் செல்வர். பின்னர் அவரை அழைப்பது அரிது. ஆதலின் நிகழ்ச்சி வகுப்போர் இருசாரார்க்கும் இடமளித்து, ஒருவர் சுவையை மற்றவர் அறியுமாறு விரவி அமைப்பாராக. பிள்ளைகள் விரும்பும் பாட்டைப் பெற்றோர் உடனிருந்து கேட்பாராக. தாம் விரும்புவதை அதன்பின் கேட்பிப்பாராக. செவியை அறிந்து கொடுப்பதே கொடையாம்.