வில்வண்டி முதல் காற்றுப்பை வரை: நாஞ்சில் நாட்டு வண்டிகளின் சுமைவில்

வண்டியின் அச்சுக்கும் மேல்தட்டுக்கும் நடுவே நின்று சுமையைத் தாங்கி, அதிர்வைக் குறைக்கும் உறுப்பு வில். நாஞ்சில் நாட்டில் அது முதலில் மாட்டுவண்டியில் எஃகுப் பட்டையாக வந்தது. பின்னர் பேருந்து, லாரி, ஜீப் ஆகியவற்றில் பட்டைக்கட்டாக நிலைபெற்றது. இன்று கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளின் பின்னச்சில், சுருள்வில்லுக்குத் துணையாகக் காற்றுப்பை என்னும் வடிவத்தை அடைந்துள்ளது. சுமை கூடும்போதெல்லாம் வில்லைக் கூட்டுவது வண்டிக்காரர்களின் பழைய வழக்கம். வில் கூடினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் வண்டியின் வலு கூடுவதில்லை. இந்த வேறுபாடே சுமைவில்லின் வரலாற்றில் முதன்மையானது.

நிலமும் பாதையும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய பகுதி நாஞ்சில் நாடு எனப்பட்டது. இன்று குமரி மாவட்டம் முழுமைக்கும் அப்பெயரைப் பொதுவாகச் சொல்வதுண்டு. திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின.

தெற்கே கடலோரமும் நடுவில் வயல்வெளியும் வடக்கே மேற்குத்தொடர்ச்சி மலையும் கொண்டது இம்மாவட்டம். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் இங்கே பெய்கின்றன. ஆகவே மலையடிவாரத்துச் செம்மண் பாதைகள் ஆண்டில் பல மாதங்கள் நீரோடிக் குழிவிழுந்து கிடக்கும். கிழக்கே திருநெல்வேலிச் சீமையுடன் இப்பகுதியை இணைத்த இயல்பான வாயில் ஆரல்வாய்மொழிக் கணவாய்.

இம்மாவட்டத்துக்கு ரயில் வந்தது மிகத் தாமதமாகத்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் பாதை 1979-லும், திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981-லும் திறக்கப்பட்டன. அதுவரை நெல், உப்பு, தேங்காய், கருப்பட்டி, வாழைத்தார் என நிலவழியே சென்ற சரக்கு முழுவதும் வண்டிச்சக்கரத்தை நம்பியே இருந்தது. வண்டியின் வில் இங்கே இத்தனை முக்கியத்துவம் பெற்றதற்கு இது ஒரு காரணம்.

வில்வண்டி

பாரம் ஏற்றும் கட்டைவண்டிக்கு வில் கிடையாது. அதன் சட்டம் நேரடியாக அச்சின்மேல் அமர்ந்திருக்கும். நெல்மூட்டைக்கு அதிர்வு ஒரு பொருட்டல்ல. ஆள் உட்கார்ந்து போவதற்கு அது ஏற்றதல்ல. எஃகுப் பட்டைகளை வில்போல் வளைத்து அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வைத்த வண்டியே வில்வண்டி. நாஞ்சில் நாட்டுப் பேச்சில் அது வில்லுவண்டி.

பட்டைகளை அடுக்கி நீள்வட்டமாகக் கட்டும் வண்டிவில்லுக்கு லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் 1804-ல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் ஐரோப்பியக் குதிரைவண்டிகள் எடை குறைந்து வேகம் பெற்றன. அவ்வகை வில் இந்தியாவில் மாட்டுவண்டிக்கும் வந்தது.

திருவிதாங்கூரில் வில்வண்டி வசதிக்குரிய பொருளாக மட்டும் இருக்கவில்லை, தகுதியின் அடையாளமாகவும் இருந்தது. நிலக்கிழார்களும் அதிகாரிகளும் அதில் சென்றனர். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பொதுச்சாலையில் நடக்கும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. விழிஞ்ஞம் அருகேயுள்ள வெங்கானூரைச் சேர்ந்த அய்யன்காளி (1863–1941) 1893-ல் ஒரு வில்வண்டியை வாங்கி, காளைகளைப் பூட்டி, தலைப்பாகை அணிந்து பொதுச்சாலையில் ஓட்டிச்சென்றார். எதிர்ப்பும் தாக்குதலும் வந்தன. கேரள வரலாற்றில் அந்நிகழ்வு ‘வில்லுவண்டிப் பயணம்’ என்றே அறியப்படுகிறது. வண்டியும் சாலையும் யாருக்குரியவை என்ற கேள்வியை எழுப்ப அவர் தேர்ந்தெடுத்தது வில் பொருத்திய வண்டியையே.

பேருந்தும் லாரியும்

திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கப்பட்டது. லண்டன் போக்குவரத்து அமைப்பில் பணியாற்றிய இ.ஜி. சால்டர் அதன் கண்காணிப்பாளராக இருந்தார். மன்னர் சித்திரைத் திருநாள் பயணம் செய்த முதல் பேருந்தை அவரே ஓட்டினார். இங்கிலாந்திலிருந்து அடிச்சட்டங்களை வாங்கி, உடற்பகுதியை உள்ளூரில் கட்டினர்.

பேருந்துடனும் லாரியுடனும் பட்டைக்கட்டு பரவலாயிற்று. நீளமான முதன்மைப் பட்டையின் இரு முனைகளும் சுருட்டப்பட்டுச் சட்டத்துடன் இணைந்திருக்கும். அதன்கீழே நீளம் குறைந்துகொண்டே செல்லும் பட்டைகள் அடுக்கப்பட்டு, நடுவே சென்டர் போல்ட்டால் கோக்கப்படும். முழு அடுக்கையும் யூ போல்ட் அச்சுடன் இறுக்கிப் பிடிக்கும். சுமை ஏறும்போது பட்டைகள் வளைவதுடன் ஒன்றன்மேல் ஒன்று உரசவும் செய்கின்றன. அந்த உராய்வு துள்ளலை ஓரளவு அடக்குகிறது.

லாரிகளில் முதன்மைக் கட்டுக்குமேல் இன்னொரு சிறிய கட்டு இருப்பதுண்டு. காலியாக ஓடும்போது அது எதையும் தொடாது. சுமை ஏறி வண்டி தாழ்ந்ததும் சட்டத்திலுள்ள தாங்கியில் முட்டிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பட்டறைகளில் இதற்கு ‘ஹெல்பர்’ என்று பெயர். காற்றுப்பைக்கு முன்னோடி இந்தத் துணைவில்தான்.

உடைந்த பட்டையும் வீணாவதில்லை. தரமான எஃகு என்பதால் அதைக் கொல்லர்கள் வாங்கி அரிவாளாகவும் வெட்டுக்கத்தியாகவும் அடிப்பர். லாரிப்பட்டையில் அடித்த அரிவாளுக்குத் தென்மாவட்டங்களில் தனி மதிப்பு உண்டு.

ஜீப்பும் மலைத்தோட்டங்களும்

பேச்சிப்பாறை அணை 1897 முதல் 1906 வரை பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின் பொறுப்பில் கட்டப்பட்டது. மலைக்குள் செல்லும் பாதைகளும் தோட்டங்களும் பின்னர் பெருகின. 1960-களில் வனத்துறை இங்கே ரப்பர் பயிரிடத் தொடங்கியது. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு இத்தோட்டங்களில் மறுவாழ்வு அளிக்கப்பட்டது. 1984-ல் இவை அரசு ரப்பர் கழகத்தின் கீழ் வந்தன. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு ஆகியவை அவற்றுள் அடங்கும். கோதையாறு நீர்மின் நிலையங்களும் 1970-களின் தொடக்கத்தில் செயல்படத் தொடங்கின. மாறாமலை, கரும்பாறை ஆகிய இடங்களில் கிராம்புத் தோட்டங்கள் உள்ளன. குமரிக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது.

இப்பாதைகளுக்கு ஏற்ற வண்டியாக ஜீப் அமைந்தது. இரண்டாம் உலகப்போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் பட்டைவில்லே. அமெரிக்க ராணுவம் அதை ‘கால் டன் டிரக்’ என வகைப்படுத்தியது. அதாவது பெயரளவில் அது ஏற்ற வேண்டிய சுமை கால் டன் மட்டுமே. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் இவ்வண்டியைப் பூட்டி விற்கத் தொடங்கியது.

தோட்டத்தில் ஜீப் செய்த வேலை கால் டன்னில் அடங்கவில்லை. பால்வெட்டும் தொழிலாளர்கள், ரப்பர் பால் கேன்கள், ஷீட்டுக் கட்டுகள், ஒட்டுப்பால் மூட்டைகள், அரிசி, உரம் என அனைத்தும் அதில் ஏறின. ரப்பர் பால் திரவம். முழுமையாக நிரம்பாத கேனில் அது வளைவுதோறும் ஒருபுறம் சாயும். ஏற்றத்தில் எடை மேலும் பின்னச்சின் பக்கம் சாயும். எனவே முதலில் தளர்வது பின்பக்க வில்லே.

பட்டை ஏற்றுதல்

பின்பக்கம் குந்திய வண்டிக்குப் பட்டறை சொன்ன தீர்வு எளிமையானது: ஒன்றிரண்டு பட்டைகளைக் கூடுதலாக ஏற்றுவது, அல்லது பழைய பட்டைகளைச் சூடாக்கி மீண்டும் வளைவு கொடுப்பது. செலவு குறைவு, கருவிகளும் உள்ளூரிலேயே கிடைக்கும்.

இதில் இரண்டு குறைகள் உண்டு. ஏற்றிய பட்டையைச் சுமை இறங்கியதும் கழற்ற முடியாது. ஆகவே காலியாக வரும் வண்டி ஒவ்வொரு குழியிலும் துள்ளும். ஈரமான இறக்கத்தில் பின்சக்கரத்தின் பிடிப்பு குறையும். மேலும் வளையாத வில் அதிர்வைச் சட்டத்துக்குக் கடத்துவதால், தாங்கிகளிலும் சட்டத்திலும் விரிசல் விழ வாய்ப்புண்டு. சுமைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வில் தேவைப்பட்டது.

காற்றுவில்லின் தோற்றம்

காற்றை அழுத்தினால் அது எதிர்த்துத் தள்ளும் என்பதே காற்றுவில்லின் அடிப்படை. வண்டிக்கான காற்றுவில்லுக்கு அமெரிக்காவில் 1901-லேயே காப்புரிமை பெறப்பட்டது. 1930-களில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ரப்பரும் துணியிழையும் சேர்ந்த பையை வண்டிகளில் சோதித்தது. டயர் செய்யும் முறைக்கும் இப்பை செய்யும் முறைக்கும் அடிப்படை ஒன்றே. 1950-களில் அமெரிக்க நெடுந்தூரப் பேருந்துகளில் காற்றுவில் வழக்கமாயிற்று.

ஏற்கெனவே உள்ள சுருள்வில்லுக்குள் பையைச் செருகித் துணைவில்லாகப் பயன்படுத்தும் முறையை, 1949-ல் மிச்சிகனின் லான்சிங் நகரில் தொடங்கிய ஏர் லிஃப்ட் நிறுவனம் பரப்பியது.

இந்தியாவில் பெரும்பாலானோர் காற்றுவில்லை அறிந்தது பேருந்து வழியாக. 2001-ல் வால்வோ பேருந்து இங்கே அறிமுகமானது. காற்றுவில் பொருத்திய ஆம்னி பேருந்துகளைத் தமிழ்நாட்டில் ‘ஏர் பஸ்’ என்றே அழைத்தனர். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இரவு முழுவதும் சுமார் 700 கிலோமீட்டர் பயணம் செய்வோருக்கு அச்சொல் நன்கு பழக்கமானது.

மலைவண்டிகளின் பின்வில்லும் மாறியது. 1985-ல் வந்த மாருதி ஜிப்சிக்கு நான்கு புறமும் பட்டைவில். 2010-ல் வந்த மகிந்திரா தாரின் பின்பக்கமும் பட்டைவில்லே. 2020-ல் வந்த புதிய தார் பின்பக்கம் சுருள்வில்லுக்கு மாறியது. சுருள்வில்லில் பயணம் மென்மையானது. ஆனால் பட்டை ஏற்றும் பழைய வழி அதில் இல்லை. சுருளின் நடுவே உள்ள வெற்றிடம் காற்றுப்பைக்கு இடம் தந்தது.

காற்றுப்பை பொருத்தும் முறை

சுருள்வில் கொண்ட பின்னச்சில் காற்றுப்பை பொருத்துவது பொதுவாகப் பின்வரும் வரிசையில் நடைபெறும்.

முதலில் சமதரையில் முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சட்டத்தின்கீழ் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்குவர். பின்னர் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துவர். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது ஆபத்து. அச்சு கீழே தொங்கியதும் சுருளின் சுற்றுகள் விலகும். சுருளுக்குள் இருக்கும் ரப்பர் முட்டைக் கழற்றுவர் அல்லது தேவையான அளவு வெட்டுவர். காற்றை முழுவதும் வெளியேற்றிச் சுருட்டிய பையைச் சுற்றுகளின் இடைவெளி வழியாக உள்ளே செலுத்துவர்.

பையிலிருந்து வரும் மெல்லிய குழாய் சைலன்சரின் சூட்டிலும் கூரிய விளிம்பிலும் படாமல் செல்ல வேண்டும். அதன் முனையில் டயரில் உள்ளது போன்ற வால்வு இருக்கும். இறுதியில் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பர். டியூப் பஞ்சர் பார்க்கும் அதே முறைதான்.

இரு பைகளையும் ஒரே வால்வில் இணைப்பதும், தனித்தனி வால்வு வைப்பதும் உண்டு. ஒரே வால்வில் இணைத்தால் வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கப் பைக்கு ஓடும். அதனால் வண்டியின் சாய்வு கூடும். கொண்டையூசி வளைவுகள் கொண்ட மலைப்பாதைக்குத் தனி வால்வே ஏற்றது.

பை எவ்வளவு தாங்கும் என்பதை எளிதில் கணக்கிடலாம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பையின் குறுக்குப்பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். அதில் 28 பவுண்டு காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம் இருந்தால், ஒரு பை ஏறத்தாழ 155 கிலோவைத் தாங்கும். இரண்டும் சேர்ந்து 300 கிலோவுக்குச் சற்று மேல். சுமை இறங்கியதும் காற்றைக் குறைத்துவிடலாம். ஆனால் முழுவதும் வெளியேற்றக்கூடாது. காற்றில்லாத பை சுருளுக்கு நடுவே நசுங்கிக் கிழியும். இவ்வகைப் பைகளுக்குப் பொதுவாகக் குறைந்தது 5 பவுண்டு காற்று வேண்டும்.

பயனும் எல்லையும்

பின்பக்கம் குந்திய வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும். ஸ்டியரிங் பிடிப்பு குறையும். குழிகளில் அச்சு சட்டத்தில் முட்டும். காற்றுப்பை இவற்றைச் சரிசெய்கிறது.

அது சரிசெய்யாதவையும் உண்டு. பிரேக், அச்சு, சக்கர பேரிங், டயர், சட்டம் எல்லாம் முன்பிருந்த அளவே தாங்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடை வரம்பும் மாறாது. குந்திய வண்டியைப் பார்த்ததும் பாரம் மிகுதி என்று யாருக்கும் தெரியும். பை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது.

பிரேக்கில் நுட்பமான சிக்கல் ஒன்று உள்ளது. சில வண்டிகளின் பின்பிரேக்கில் சுமை உணரும் வால்வு இருக்கும். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையிலான தூரத்தைக்கொண்டு அது சுமையை அறியும். தூரம் குறைந்தால் பின்பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை அனுமதிக்கும். காற்றுப்பை வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது வால்வு வண்டியைக் காலியானது என்று கொள்ளும். பாரம் நிறைந்த வண்டி இறக்கத்தில் வரும்போது பின்பிரேக் குறைவாகவே பிடிக்கும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அனுமதித்த எடைக்கு மேல் சரக்கு ஏற்றினால் ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் விதிக்கப்படும். வண்டி நிமிர்ந்து நிற்கிறதா, குந்தியிருக்கிறதா என்பதை எடைமேடை கணக்கில் கொள்வதில்லை.

வரலாற்று இடம்

கட்டைவண்டியில் சுமை நேரடியாக அச்சில் அமர்ந்தது. அதன் அளவை மாட்டின் மூச்சிலேயே அறிய முடிந்தது. பட்டைவில்லின் வளைவும் சுமையைக் கண்ணுக்குக் காட்டியது. காற்றுப்பை பொருத்திய வண்டியில் சுமை வெளியே தெரிவதில்லை. அதை ஓட்டுநரே கணக்கிட்டு அறிய வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் வண்டியில் ஓட்டுநருடன் தொழிலாளர்களும் இருக்கிறார்கள் என்பதால், அந்தக் கணக்கு வில்லின் விலையைவிட முக்கியமானது.