கார் வெப்ப உணரிகள்: திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் இயக்கமும் பராமரிப்பும்

கார் வெப்ப உணரி என்பது கூலன்ட், எஞ்சினுக்குள் போகும் காற்று, புகை, வெளிக்காற்று, ஏசி ஆகியவற்றின் சூட்டை மின் அளவாக மாற்றி எஞ்சின் கணினிக்குத் தெரிவிக்கும் சிறு கருவி. பட்டறைகளில் 'டெம்பரேச்சர் சென்சார்' என்பார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டியில் இதன் வேலை டேஷ்போர்டு முள்ளை நகர்த்துவதோடு முடிந்தது. இன்றைய வண்டியில் எவ்வளவு எரிபொருள் தெளிப்பது, ரேடியேட்டர் ஃபேனை எப்போது ஓட்டுவது, ஏசி கம்ப்ரசரை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் இது சொல்லும் எண்ணை வைத்தே முடிவாகின்றன. கத்திரி வெயிலில் திருச்சி 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் நகரத்தையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தில் ஏசி போட்டு ஊர்ந்து போகும் வண்டிக்கு, அந்த எண் சரியாக இருந்தாக வேண்டும்.

இயங்கும் விதம்

சூடேறினால் உலோகத்தின் மின்தடை கூடும். சில பொருள்களில் இது தலைகீழாக நடக்கும் என்பதை 1833-இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கண்டார். கூலன்ட் சென்சாரின் பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் தெர்மிஸ்டரும் அந்த வகைதான். மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சுட்டெடுத்துச் செய்த சிறு மணி அது. பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 30 டிகிரியில் மின்தடை சுமார் 1,700 ஓம், 80 டிகிரியில் 300-ஐ ஒட்டி, 100 டிகிரியில் 200-க்கும் கீழே. எஞ்சின் கணினி ஒரு நிலையான மின்தடை வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சாரின் மேல் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. வோல்ட் குறையக் குறைய எஞ்சின் சூடு என்று பொருள்.

இதனால் ஒரு நன்மை உண்டு. ஒயர் அறுந்துபோனால் மின்தடை எல்லையற்றதாகிவிடும். கணினிக்கு அது கடும் குளிராகத் தெரியும், அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். மார்கழியிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் திருச்சியில் அந்த எண்ணைப் பார்த்த கணமே சென்சாரிலோ ஒயரிலோ துண்டிப்பு என்று தெரிந்துவிடும். பி0118 என்ற பழுதுக் குறியீடும் பதிவாகும். ஷார்ட் ஆனால் இதற்கு மறுதலையாக 120, 130 என்று காட்டி பி0117 பதிவாகும். இரண்டிலும் பல வண்டிகள் பாதுகாப்புக்காக ஃபேனை விடாமல் ஓட்டும். சாவியைத் திருப்பியதுமே ஃபேன் இரைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இணைப்பைத்தான்.

புகைக்குழாயில் சூடு பல நூறு டிகிரி போவதால் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) டீசல் வண்டிகளில் அங்கே பெரும்பாலும் பிளாட்டினம் உணரி இருக்கும். மின்சாரக் கார்களில் பேட்டரி செல்களுக்கு இடையே தெர்மிஸ்டர்கள் உண்டு; செல் சூடேறினால் சார்ஜ் ஏறும் வேகத்தைக் கணினி குறைத்துவிடும்.

சென்சார் சொல்லாதவை

கூலன்ட் சென்சார் தன்னைச் சுற்றியுள்ள திரவத்தின் சூட்டை மட்டுமே அளக்கிறது. ஓட்டுநர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் வெளியேறிவிட்டால் சென்சாரின் முனை காற்றிலோ ஆவியிலோ நிற்கும். அப்போது சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருந்தாலும் முள் ஏறாது. ஏறிய முள் கீழே இறங்குவதும் உண்டு. "முள் நடுவிலதானே சார் இருந்துச்சு" என்று ஹெட் வளைந்த வண்டியோடு வருபவர்கள் பொய் சொல்வதில்லை. அதோடு பல கார்களில், ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஆகவே ரிசர்வ் டேங்கில் அளவு பார்ப்பதற்கு ஈடாக எந்தச் சென்சாரும் இல்லை.

வெளிக்காற்றுச் சென்சார் முன்பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒன்று இரண்டு அடி உயரத்தில் இருக்கும். விமான நிலையத்தில் வானிலைத் துறை நிழல் பெட்டிக்குள், சுமார் நான்கடி உயரத்தில் அளக்கிறது. மதியம் காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கி நிற்கும்போது தாரின் அனலும் முன்வண்டியின் சூடும் சேர்ந்து காரின் திரையில் 44, 45 தெரிவது பழுதல்ல. ஓட்டம் பிடித்தபின் அது மெதுவாகத்தான் இறங்கும். இதைத் தவிர்க்கத்தான், குறைந்த வேகத்தில் இந்த எண்ணை ஏற விடாமல் வைக்கும்படி பல வண்டிகளில் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது.

வட்டாரப் பழக்கங்கள்

வைகுண்ட ஏகாதசி நாட்களில் ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றிய உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் வண்டி நகராமல் நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது ஃபேன் ஒன்றுதான். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் எண் 88-இலிருந்து மெல்ல ஏறும், 97-ஐ ஒட்டி ஃபேன் போடும், 92-க்கு இறங்கியதும் நிற்கும், மறுபடி ஏறும். பெரும்பாலான கார்களில் இந்த ஏற்ற இறக்கம் ஆரோக்கியத்தின் அடையாளம். வண்டிக்கு வண்டி சில டிகிரி மாறலாம்.

இதைப் பார்த்துப் பயந்து செய்யும் இரண்டு வைத்தியங்கள் இங்கே வழக்கத்தில் உள்ளன. ஒன்று, எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. மற்றொன்று, ஃபேனுக்கு 'டைரக்ட்' கொடுப்பது, அதாவது சென்சாரைக் கேட்காமல் எப்போதும் ஓடும்படி இணைப்பது. ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லை என்ற எண்ணம் தவறானது. 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் நெடுஞ்சாலை ஓட்டத்தில் எஞ்சின் உரிய சூட்டை எட்டாது. சென்சார் உண்மையைச் சொல்லும்; கணினி எஞ்சின் இன்னும் குளிரில் இருப்பதாக எடுத்துக்கொண்டு கூடுதல் எரிபொருளைத் தெளிக்கும். மைலேஜ் குறையும், பி0128 குறியீடு வரும். பிஎஸ்-6 டீசலில் பாதிப்பு இன்னும் பெரிது: புகை வடிகட்டியில் சேரும் கரியை எரித்துத் தள்ள எஞ்சின் இயங்குசூட்டில் இருந்தாக வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வரையிலான குறுகிய ஓட்டமே அதற்குப் போதாது. வால்வும் இல்லையென்றால் அடைப்பு விளக்கு எரிவது உறுதி.

பராமரிப்பு

சென்சாரைக் கெடுப்பதில் ரேடியேட்டரில் ஊற்றும் போர்வெல் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் உப்பு, சென்சாரின் முனையில் சுண்ணாம்புப் படிவமாகப் படிந்து சூட்டை உணர்வதைத் தாமதப்படுத்தும். இங்கே உறைபனி கிடையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சரிபாதி கிளைகால் கலந்த கூலன்ட், ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தோடு சேர்ந்து 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தாங்கும், துருவும் பிடிக்காது. நிறம் பார்த்து வாங்காமல் வண்டியின் கையேட்டில் சொன்ன வகையையே, காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்தது கனெக்டர். பிரஷர் பம்பால் எஞ்சினைக் கழுவும்போது தண்ணீர் புகுந்து பின்கள் பச்சை பூக்கும். கிளிப்பை அழுத்திக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி மாட்டினால் பல பழுதுகள் தீர்ந்துவிடும். நிறுத்தி வைத்த வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று 29, மற்றொன்று 46 என்றால், நம்ப முடியாதது எது என்று அன்றைய காலைச் சூடே சொல்லிவிடும். சந்தேகப்பட்ட சென்சாரைக் கழற்றி வெந்நீரில் முனையை மட்டும் நனைத்து, மல்டிமீட்டரில் மின்தடை படிப்படியாகக் குறைகிறதா என்று உறுதி செய்யலாம். திடீரென்று தாவினால் மாற்ற வேண்டியதுதான்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே சென்சாரை மாற்ற வேண்டும். புதிய வாஷர் அல்லது ஓ-ரிங் போட்டு, சொன்ன அளவுக்கு மேல் முறுக்காமல் பூட்ட வேண்டும். பித்தளை மரை எளிதில் அறுந்துவிடும். பிறகு கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். சென்சாரின் அருகே காற்றுக்குமிழ் தங்கினால் புதிய சென்சாரும் தப்பாகவே காட்டும். ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி நிற்கும்வரை வண்டியை ஐடிலில் விட்டு, மறுநாள் காலை ரிசர்வ் டேங்கில் குறைந்த அளவை நிரப்ப வேண்டும்.